உப்புப் பாக்கெட்டும் மின்விசிறியும்

இன்று கடைக்காரர் மிக்சர் பாக்கெட்டின் வாயை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி ஒட்டியபோது எழுந்த கருகிய பிளாஸ்டிக் வாசனை, சுனாமிக்கு அடுத்த வருடம் மரக்காணத்தில் நாங்கள் குடியிருந்த, இப்போது இடிக்கப்பட்டுவிட்ட அந்த ஒற்றை அறைக்குள் என்னைக் கொண்டுபோய்விட்டது. அம்மா கூலிக்கு உப்புப் பாக்கெட் ஒட்டுவாள். சுடர் அணைந்துவிடும் என்று சித்திரை வெயிலிலும் கதவு சாத்தியே இருக்கும், மின்விசிறி சுற்றாது, வியர்வையும் உப்பும் பட்டு அவள் விரல் வெடிப்புகள் எரியும். கரண்ட் போனால் தெருவே கூச்சலிடும். எங்களுக்கு அந்தக் கூச்சல் கேட்டுத்தான் தெரியும்.

வேலையில்லாத ஞாயிறுகளில் நானும் தங்கையும் ஓடிப்போய் விசிறியைப் போட்டுவிட்டு மல்லாந்து படுப்போம். பக்கத்தில் படுத்த அம்மா கொஞ்ச நேரத்திலேயே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வாள்.

"குளிருதுடி, ஆஃப் பண்ணுங்கடி."