தட்டில் தடவிய எண்ணெய்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். பட்டாளத்தில் என்னோடு இருந்த, போடிப் பக்கம் சிலமலை ஊர்க்காரன் ஒருவனுக்கு நான் செய்ததைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

துருக்கியோடு சண்டை நடந்தபோது பஸ்ராவுக்கு மேலே மணல்வெளியில் எங்கள் கூடாரம். எங்கள் இருவர் பொறுப்பில் ஒரு சின்ன மிஷின் துப்பாக்கி. அவன் லான்ஸ் நாயக். சிப்பாய்க்கு ஒரு படி மேல் என்பதற்குச் சட்டைக் கையில் ஒற்றைப் பட்டை. சுடுவது அவன், தட்டு மாற்றுவது நான்.

தட்டு என்றால் தோட்டா அடுக்கிய ரவைத் தட்டு. தோசைக்கல் மாதிரி வட்டமாகத் துப்பாக்கியின் தலையில் உட்கார்ந்திருக்கும். உள்ளே நாற்பத்தேழு ரவைகள், நுனியெல்லாம் நடுவைப் பார்த்துப் படுத்திருக்கும். ஒரு ரவை வெடித்தால் தட்டு ஒரு பல் நகர்ந்து அடுத்ததைக் கொடுக்கும். வெடித்த புகையில் கொஞ்சம் ஒரு சிறு துளை வழியாகப் போய் உள்ளே இருக்கும் தண்டைப் பின்னுக்குத் தள்ளும். கடிகாரத்தில் இருப்பதுபோல ஒரு சுருள்வில் அதைத் திரும்ப முன்னுக்குக் கொண்டுவரும். பெரிய மிஷின்களைப் போல இதற்குத் தண்ணீர் வேண்டாம். குழலைச் சுற்றித் தொடை மொத்தத்துக்கு ஒரு கூடு, அதற்குள் அலுமினியத் தகடுகள். காற்றிலேயே சூடு ஆறிவிடும். ஒருவன் தோளில் தூக்கிக்கொண்டு ஓடலாம். எல்லாம் சரி, தட்டுக்கு அடியில் மட்டும் மூடி கிடையாது. மணல் அந்த வழியாகத்தான் ஏறும். ஆகவே தட்டை வறண்ட துணியால் துடைக்க வேண்டும், எண்ணெய் தொடவே கூடாது என்பது உத்தரவு.

எனக்கு அது ஒப்பவில்லை. ஏலமலையில் வளர்ந்தவன். அங்கே ஆறு மாசம் மழையும் மூடுபனியும். வெட்டுக்கத்தியை ஒரு நாள் சும்மா வைத்தால் மறுநாள் துரு. இரும்பைக் கண்டால் எண்ணெய் போடுவது எங்களுக்குக் கை தானாகச் செய்கிற வேலை. அந்த வெயிலில் துரு எங்கிருந்து வரும் என்று யோசிக்கவில்லை. தட்டு சுற்றாமல் நின்றால் எல்லாரும் சாவோமே என்றுதான் பயம். துரை பார்வையிட வருகிற நாளில், விடியுமுன்னே எட்டுத் தட்டுக்கும் யாருக்கும் தெரியாமல் எண்ணெய் தடவினேன்.

பத்து மணிக்கு மணற்காற்று அடித்தது. துரை முன்னால் அவன் படுத்துச் சுட்டான். ஐந்தாறு ரவை போனது, நின்றது. அடுத்த தட்டு கொடுத்தேன், அதுவும் நின்றது. மூன்றாவதும் அப்படியே. துரை தட்டுக்குள் விரலை விட்டு எடுத்தார். மணல் களியாக ஒட்டி வந்தது. "எண்ணெய் போட்டது யார்?"

அவன் காலையில் துப்பாக்கியின் தண்டுக்கு இரண்டு சொட்டு விட்டிருந்தான். அது செய்ய வேண்டியதுதான். ஆனாலும் அது கூடிப்போய் வழிந்திருக்கும் என்று நினைத்துவிட்டான். "நான்தான் ஐயா" என்றான். அன்று சாயங்காலமே பட்டையை அறுத்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன். ராத்திரி உட்கார்ந்து எட்டுத் தட்டையும் வறண்ட துணியால் துடைத்து வைத்தேன்.

ஊர் திரும்பிய பிறகு, போடிக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் துப்பாக்கிக் காவலுக்கு ஆள் கேட்டார்கள். யானை வந்து செடியை மிதித்துக்கொண்டிருந்தது. அவனுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். நிலையான சோலி இருந்தால்தான் பெண் கொடுப்போம் என்று சொல்லியிருந்தார்கள். துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு மலை ஏறினான்.

தோட்டத்தில் ஆள்களை வேலை வாங்குகிற கங்காணி எங்களைப் பார்த்ததுமே ஆரம்பித்தார். "வாங்கப்பு. பஸ்ராவுல மணலைச் சுட்டுட்டு வந்த ஆளுகளா?"

"மணலுதாண்ணே எங்களைச் சுட்டுச்சு" என்றான் அவன். பக்கத்தில் இருந்த தோட்டத்து முதலாளிகூடச் சிரித்துவிட்டார். பிறகு, பட்டாளத்தில் ஏதாவது தப்புத் தண்டா உண்டா என்று கேட்டார்.

அவன் மறைக்கத் தெரியாதவன். "ஒண்ணு உண்டுங்க. எண்ணெயைக் கூடப் போட்டு மிஷினை நிப்பாட்டிட்டேன். பட்டை போச்சு. இந்தா, இவனே பக்கத்துல இருந்தான், கேளுங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. அங்கே துரை இல்லை, தண்டனை இல்லை.

"ஆமாங்க" என்றேன்.

"அப்ப உனக்குத் துப்பாக்கி வருமா?" என்று முதலாளி என்னைக் கேட்டார்.

இறங்கும்போது வழியெல்லாம் அவன்தான் பேசினான். "வெசனப்படாத மாப்ளே. வேத்தாளுக்குப் போறதுக்கு நீ பாக்குறது மேலு. வெரசா வந்து சேந்துக்க, வேற எவனாச்சும் வந்துறப்போறான்."

மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்துகொண்டேன். அந்தப் பெண்ணை ராசிங்காபுரத்தில் வேறொருவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவனுக்குக் கல்யாணம் ஆக மேலும் நாலு வருஷம் ஆயிற்று. இப்போதும் சந்தையில் பார்த்தால் என் கையிலிருக்கிற சுமையை வாங்கிக்கொள்கிறான்.

அவனுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அது தெரிந்துதான் இதை எழுதத் துணிந்தேன் போலிருக்கிறது.