பாதிக் குளம் நிறைந்த மதியம்

மூட்டு ஆபரேஷன் முடிந்த என் மனைவி தண்ணீருக்குள் நடந்து பழக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பர்மிய ஊரான தன்லியினில் எங்கள் வீட்டுப் பின்புறம் சின்ன நீச்சல்குளம் உண்டு. குளிர்காலம் முடிந்து பார்த்தால் தண்ணீர் பச்சையாக இருந்தது. குளோரின் போட்டும் தெளியவில்லை. சோதித்தபோதுதான் புரிந்தது. குளிர்காலம் முழுக்க மிதக்கவிட்ட குளோரின் மாத்திரைகளில் உள்ள ஸ்டெபிலைசர் என்ற ரசாயனம் தண்ணீரில் அளவுக்கு மீறி ஏறி, குளோரினை வேலை செய்யவிடாமல் பிடித்து வைத்திருந்தது. பாதித் தண்ணீரை மாற்றுவதுதான் வழி.

பாதியை இறைத்து முடித்ததும் மின்சாரம் போய்விட்டது. புதுத் தண்ணீர் ஏற்ற மோட்டார் ஓடாது.

“விடுங்க, அடுத்த மாசம் பாத்துக்கலாம்” என்றாள் மனைவி.

அப்போது பக்கத்து வீட்டுப் பெண் மா தின் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார். அதுவரை சிரிப்போடு சரி, பேசியதில்லை. “அகோ” என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டு, “எங்க வீட்டுல ஜெனரேட்டர் ஓடுது. இந்தக் குழாயைப் பிடிங்க” என்று பர்மியில் சொன்னார்.

குழாயிலிருந்து தண்ணீர் பீறிட்டு விழுந்தபோது மனைவி சத்தமாகச் சிரித்தாள்.

இரண்டு நாளில் குளத்தின் தரை பளிச்சென்று தெரிந்தது. என் கையைப் பிடித்து இறங்கியவள், நான்கைந்து அடி நடந்ததும் கையை விட்டுவிட்டுத் தனியாகவே அக்கரைக்குப் போனாள்.

உதவி கேட்க நான் யோசித்துக்கூடப் பார்க்காத இடத்திலிருந்து அது வந்தது. இப்போதெல்லாம் தெருவில் யாரைக் கண்டாலும் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போகிறேன்.