மூணு பல்லு இலை

எங்க வீட்டுப் பின்பக்கம், துவைக்கிற கல்லுத் தண்ணி ஓடிப் போய்த் தேங்குற இடத்துல, என் வீட்டுக்காரி மஞ்சள் கரிசலாங்கண்ணி வெச்சிருந்தா. சிதம்பரத்துல அவ பொறந்த வீட்டு வாய்க்கா கரையிலேருந்து ஈரத்துணியில சுத்திக் கடலூருக்குக் கொண்டாந்தது. எப்பவும் கால் நனைஞ்சிருக்கணும் அதுக்கு. தினம் காலையில ரெண்டு இலையக் கிள்ளி மெல்லுவா. எனக்கும் ஒண்ணு நீட்டுவா. "நான் என்ன ஆடா?"ன்னு கேட்டுட்டு காப்பியத் தேடிப் போயிடுவேன். இருபத்தெட்டு வருஷம் இதே பேச்சுதான்.

போன மாசியில அவ போயிட்டா. வெயில் ஏற ஏறச் செடி பாதி காஞ்சு போச்சு. அவ கல்லுல துவைச்ச வரைக்கும் அதுக்குத் தண்ணி கிடைச்சுது. நான் மெஷின்ல போடுறவன், அந்தத் தண்ணி வேற குழாயில போயிடும். இது ஒறைக்கவே எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. வெக்கமாப் போச்சு. அவ கையால வெச்சதுல அது ஒண்ணுதான் உசுரோட இருந்துது.

குறிஞ்சிப்பாடி போற ரோட்டுல ஒரு நர்சரியில அதே மஞ்சப் பூ. "கரிசலாங்கண்ணிதான் சார்"ன்னாங்க. நாலு தொட்டி வாங்கியாந்து நடுவுல நடுவுல நட்டு, பக்கெட்டு பக்கெட்டா ஊத்தினேன். ஐப்பசி மழைக்குப் பாய் விரிச்ச மாதிரி படர்ந்துடுச்சு, ஒரே பூ. பேச ஆளில்லாத வீட்டுல அதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன். பெருமை தாங்காம போட்டோ எடுத்து மச்சானுக்கு, அவ தம்பிக்கு, அனுப்பினேன்.

ஒடனே போன் வந்துது. "மாமா, இலையில மூணு பல்லு இருக்குது பாருங்க. இது அழகுக்கு வெக்கிறது. விட்டா அக்காவோடத அமுக்கிடும்."

குனிஞ்சு பாத்தேன். எல்லா இலையிலயும் மூணு பல்லு. இத்தனை வருஷம் அவ செடியோட இலைய நான் சரியாப் பாத்ததே இல்லன்னு அப்பதான் புரிஞ்சுது. மடையன். ரெண்டு நாளு உக்காந்து பிடுங்கினேன். கடைசியில கல்லோரமா ரெண்டே ரெண்டு தண்டு, பல்லில்லாத நீட்டு இலையோட இருந்துது. மச்சானைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"இளசுல அந்த அழகுச் செடிக்கும் பல்லு இருக்காது மாமா. ஒரு இலைய வாயில போட்டுப் பாருங்க. அக்கா குடுத்த ருசி தெரியுமில்ல?"

தெரியும்னு சொல்லி போனை வெச்சுட்டேன்.

கிள்ளி மென்னு பாத்தேன். கசந்துது. அது அவ செடிதானான்னு எனக்குச் சொல்லத் தெரியல. இப்ப துணியக் கல்லுலதான் துவைக்கிறேன். அவ நீட்டினப்ப ஒரு நாளாவது வாங்கித் தின்னிருக்கலாம்.