தனபால் அண்ணனிடம் எப்போதும் ஸ்ட்ரிங் இருக்கும்

தனபால் அண்ணன் போய்விட்டார். நேற்று காலை, தூக்கத்திலேயே.

இன்று மதியம் எடுத்தார்கள். வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றியும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அண்ணன் எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலை காய வைக்கும் டிரையரில் வேலை பார்த்தவர். வேலை முடிந்தால் கிட்டார். எங்கள் ஐந்து பேர் கூட்டத்தில் மூத்தவர்.

பிரமாதமாக வாசிப்பார் என்று பொய் சொல்ல மாட்டேன். சுமார்தான்... விரல் வைக்கக் கஷ்டமான கார்டு வந்தால் முகம் கோணிக்கொள்ளும். ஆனால் அவர் இல்லையென்றால் நாங்கள் ஐந்து பேரும் ஒரு இடத்தில் உட்கார்ந்திருக்கவே மாட்டோம்.

நேற்றிலிருந்து எதைத் திறந்தாலும் அவர் போட்டோ. "லெஜண்ட்." "எங்கள் குருநாதர்." ரோஜாப்பூ, கிட்டார், உடைந்த இதயம். போட்டது யார் என்று பார்த்தேன். எங்கள் கூட்டத்திலேயே மிச்ச மூன்று பேர்.

இங்கே மலையில் கிட்டார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ஈரத்தில் மரம் ஊறிப் போகும், கழுத்து வளையும், ஸ்ட்ரிங் துருப்பிடிக்கும். அண்ணன் துரையிடம், அதாவது எஸ்டேட் மேனேஜரிடம், கெஞ்சிக் கூத்தாடி டிரையருக்குப் பின்னால் இருந்த ரூமில் ஆணி அடிக்க அனுமதி வாங்கினார். எல்லார் கிட்டாரும் அங்கேதான் தொங்கும், காய்ந்த தேயிலை வாசத்தோடு.

கூட்டத்திலேயே நன்றாக வாசிப்பவன் சுகு. அவன் ஒரு தடவை மழையில் நனைந்த கிட்டாரைச் சீக்கிரம் காயட்டும் என்று டிரையரை ஒட்டியே சாய்த்து வைத்துவிட்டுப் போனான். சூட்டில் பசை இளகி, ஸ்ட்ரிங்கைப் பிடித்திருக்கும் கட்டை அப்படியே பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. அழுதேவிட்டான்.

"ஏன்டா, கிட்டார வாட்டி டீத்தூளாக்கி பேக்கெட் போடலாம்னு பாத்தியா?"

அவ்வளவுதான் அண்ணன் சொன்னது. அவரே பசை போட்டு, துணி சுற்றிய செங்கல்லை மேலே வைத்து, காயும் வரைக்கும் யாரையும் கிட்டே விடவில்லை. அந்தக் கிட்டாரில்தான் சுகு இன்றைக்கும் வாசிக்கிறான்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஸ்ட்ரிங் அறுந்தால் பேசாமல் கையை நீட்ட வேண்டும். மற்றவர் தன்னிடம் இருப்பதைக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தன் கிட்டாரிலிருந்தே கழற்றிக் கொடுக்க வேண்டும். கேள்வி கிடையாது.

பக்கத்தில் யார் இருந்தாலும் கை நீள்வது அண்ணன் பக்கம்தான். கோயில் திருவிழாவில் பாதிப் பாட்டில் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மிச்சம் இருந்த ஸ்ட்ரிங்கை வைத்துச் சிரித்துக்கொண்டே வாசித்த மனுஷன்...

அப்புறம் வந்தது தானா ராத்தா டவுனில் அந்தக் கஃபே. சனிக்கிழமைகளில் டூரிஸ்ட்டுகளுக்கு வாசிக்க ஆள் வேண்டும், எல்லாரும் ஒரே கலர் டி-ஷர்ட், வீடியோ எடுப்பார்கள். அண்ணனுக்கு முன்பல் இரண்டு கிடையாது. வேலை முடிந்து தேயிலைத் தூசியோடு அப்படியே வருவார். "லுக்" சரியில்லையாம்.

முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். அதற்குக்கூட சுகுவுக்கும் மற்ற இரண்டு பேருக்கும் துப்பில்லை. சத்தமில்லாமல் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து அவரைத் தூக்கினார்கள்.

கொஞ்ச நாள் கழித்து ரிங்லெட்டில் நான் வேலை பார்க்கும் பூ பேக்கிங் ஷெட்டுக்கு மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார். போனை நீட்டினார்.

"தங்கச்சி, இது ரோசாக் போல. குரூப்ல ஒரு மெசேஜும் வரல. பிராக்டிஸ் எங்கன்னு தெரியாம ஃபேக்டரியிலயே உக்காந்திருந்தேன்லா."

"போன் கெட்டுப் போகலண்ணே. உங்கள எடுத்துட்டாங்க."

போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார்.

"ஓ... சரிலா. சின்னப் பசங்க, முன்னேறட்டும்."

அப்புறம் சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்ட்ரிங் பாக்கெட்டை எடுத்தார். "ஈப்போ போனப்ப வாங்குனது. சுகுவுக்கு முதல் ஸ்ட்ரிங்தான் அடிக்கடி அறும். பாத்தா குடுத்துடு."

நான் கொடுக்கவில்லை. அன்றைக்கே நானும் குரூப்பிலிருந்து வெளியே வந்தேன். பாக்கெட் என் கைப்பையிலேயே கிடந்தது.

இன்று சாவு வீட்டுக்கு மூன்று பேரும் வந்தார்கள். கஃபே பேர் போட்ட டி-ஷர்ட்டில்! ஒருவன் சவப்பெட்டிக்கு எதிரே போனை ஸ்டாண்டில் நிறுத்தி லைவ் போட்டான்.

"அண்ணி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மறைக்குது."

புருஷன் முகத்தைப் பொண்டாட்டி மறைக்கிறாளாம். காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

சுகு, அண்ணனின் கிட்டாரைச் சுவரிலிருந்து இறக்கினான். யாரையும் கேட்கவில்லை. "எங்க குருநாதருக்கு..." என்று போனைப் பார்த்துச் சொல்லிவிட்டு சுருதி சேர்த்தான். நாள்பட்ட ஸ்ட்ரிங். முதலாவது படக்கென்று அறுந்தது.

அவன் கை தானாக நீண்டது. கூட வந்தவர்கள் பக்கம் இல்லை. பெட்டிப் பக்கம்.

நீட்டிய கையோடு அப்படியே நின்றான். அப்புறம்தான் உறைத்தது போல. கையை மெல்ல இழுத்துக்கொண்டான்.

"யார்கிட்டயாவது... இருக்கா?"

கூட வந்த இரண்டு பேரும் பாக்கெட்டைத் தடவினார்கள். இல்லை.

என் பையில் இருந்தது. பிரிக்காமல்.

அண்ணன் இருந்திருந்தால் கொடுத்திருப்பார்.

நான் ஜிப்பை இழுத்து மூடிவிட்டு அண்ணி பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

போயிட்டு வாங்கண்ணே. ஸ்ட்ரிங் என்கிட்டயே இருக்கு.