விசைப்பலகையில் சந்தனம்

போன ஆவணியில் எங்கள் பழைய கணினிப் பிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கூத்து. பள்ளியில் படித்த காலத்தில் டிவிப் பெட்டியோடு இணைத்து ஓட்டினோமே, அந்தப் பழுப்பு நிற வீட்டுக் கணினி, அதே தடித்த விசைப்பலகையோடும் அதே நீலத் திரையோடும் மறுபடி விற்பனைக்கு வருகிறது என்று செய்தி. பேரன் பேத்தி எடுத்த ஆட்கள் தீபாவளிச் சட்டை கிடைத்த பிள்ளைகளைப் போலக் குதித்தார்கள். சேலத்துக்காரர் ஒருவர் கண்ணீர் வந்துவிட்டது என்று குரல்பதிவே போட்டார். நான் மட்டும் என்ன யோக்கியமா? முதல் நாளே எனக்கும் ஒன்று வேண்டும் என்று பதிந்து வைத்தேன்.

குழுவில் எனக்குக் கொஞ்சம் மரியாதை அதிகம். என் வீட்டுப் பரணில் அசல் பழைய மெசின் ஒன்று கிடக்கிறது. கோவில்பட்டியில் நான் படித்த பள்ளிக்கு வந்தது. அங்கே எரிந்துபோய், பிற்பாடு அதைப் பள்ளியில் கழித்துப் போட்டபோது நான் தூக்கி வந்தேன். எரிந்த கதையைக் குழுவில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "எங்க கூட்டாளி ஒருத்தன், சுவிட்ச அணைக்காம ஆயுத பூஜை லீவுக்குப் போயிட்டான். மூணு நாளு வெந்து கரியாயிட்டு." எல்லாரும் சிரிப்புப் பொம்மை போடுவார்கள். நானும் போடுவேன்.

அந்தக் கதை பொய்.

கூட்டாளியின் வாப்பா பஜாரில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருந்தார். பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறைக்குள் போக அனுமதி பெற்ற நாலு பேரில் அவனுக்குத்தான் மூளை. நாங்கள் புத்தகத்தைப் பார்த்து எழுத்து எழுத்தாகக் குத்திக்கொண்டிருந்தபோது, அவன் சொந்தமாக ஒரு ஹாக்கி ஆட்டம் எழுதினான். திரையில் இரண்டு கோடு, ஒரு புள்ளி. புள்ளி கோலுக்குள் போனால் டிர்ரென்று விசில். கணக்கு வாத்தியார் பார்த்துவிட்டு, "இவன் எங்கயோ போயிருவாம்லே" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே எரிந்தது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மதியம் அவன் வேலையை முடித்து, மெசினை அணைத்துவிட்டுப் போனான். நான் அறை லீடர். கணக்கு சார் சாவியையும் ஒரு டம்ளர் சந்தனத்தையும் கையில் கொடுத்து, "பொட்டு வச்சு, சூடம் காட்டிட்டு வந்துருலே" என்று தலைமையாசிரியர் அறைப் பூஜைக்குப் போய்விட்டார். சந்தனம் கெட்டியாக இருந்தது. தண்ணீர் விட்டுக் கரைத்தேன். ஒரு விசை விடாமல் பொட்டு வைத்தேன். சொட்டியது, வழிந்தது, பக்தி முற்றிப்போனவனுக்குக் கண் தெரியுமா? ஊரில் லேத் பட்டறையிலும் மில்லிலும் பூஜையன்று மெசினை ஓடவிட்டுத்தான் சூடம் காட்டுவார்கள். கணினியிலும் விளக்கு எரிந்தால்தானே லட்சணம் என்று சுவிட்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. கும்பிட்டேன், பொரி கடலையைப் பைக்குள் கொட்டினேன், அறையைப் பூட்டினேன். சுவிட்சை அணைக்கவில்லை.

லீவு முடிந்து திறந்தால் கருகிய வாடை. சுவிட்ச் போட்டபடி இருந்தது. சார் என்னைப் பார்த்தார். "நான் சுவிட்சத் தொடவே இல்ல சார். பொட்டு வச்சு, சூடங் காட்டிட்டு வந்துட்டேன்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். சார் அவன் பக்கம் திரும்பினார். அவன் யோசித்தான். பாவி, அந்த நேரத்தில் போய் யோசித்தான். "அணைச்சேன்னுதான் நெனைக்கேன் சார்."

"நெனைக்கியா?" என்றார் சார்.

மறுநாள் அவன் வாப்பா வந்து தலைமையாசிரியர் முன்னால் கைகட்டி நின்றார். நேர்மையான மனுசன், மகனுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலில் வைத்து மகனிடம், "ஒரு சுவிட்ச அணைக்கத் துப்பில்ல, ஒனக்கு எதுக்குலே படிப்பு?" என்று கேட்டது என் காதிலும் விழுந்தது. அதற்கு அடுத்த நாளிலிருந்து அவன் கடையில் இருந்தான். இப்போதும் அங்கேதான் இருக்கிறான். கடை அடைக்கும்போதெல்லாம் வாப்பா, "சுவிட்ச அணைச்சியாலே?" என்று கேட்பார். பூட்டிவிட்டுப் பத்தடி போவான், திரும்பி வந்து பூட்டைத் திறந்து பார்ப்பான். சில நாள் மூன்று தடவை. பஜாரில் அவனுக்கு 'சுவிட்ச் அண்ணாச்சி' என்று பேர் விழுந்துவிட்டது. முதலில் அப்படிக் கூப்பிட்டவன் நான்.

எனக்கு நானே ஒரு சமாதானம் வைத்திருந்தேன். சுவிட்சைப் போட்டு வைத்தால் மெசின் எரிந்துவிடுமா? கரண்டு ஏறி இறங்கியிருக்கும், அது விதி. அந்தச் சமாதானத்தில்தான் இத்தனை வருடம் சாப்பிட்டேன், தூங்கினேன்.

புது மெசின் வந்து சேர்ந்த வாரம், பழையதைக் கழற்றிப் படம் போடுங்கள், உயிர் கொடுத்துவிடலாம் என்று குழுவில் விடாமல் நச்சரித்தார்கள். பரணிலிருந்து இறக்கி, திருகாணிகளைக் கழற்றினேன். விசைகளுக்கு அடியில் சந்தனம் காய்ந்து மஞ்சளாகப் பக்குக் கட்டியிருந்தது. அது வழிந்து போன தடம் கீழே பலகை வரைக்கும் இருந்தது. தடம் முடிகிற இடத்தில்தான் கருகியிருந்தது. வேறெங்கும் ஒரு கீறல் இல்லை. குழுவுக்குப் படம் போடவில்லை. புது மெசினைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன்.

மதியத் தொழுகைக்குக் கடையை அடைக்கிற நேரம். பெட்டியைப் பிரித்ததும் அவன் முகம் மலர்ந்தது. விசைகளைத் தடவினான், இரண்டைத் தட்டிப் பார்த்தான். "அதே சத்தம்லே!" என்றான். பிறகு சுட்டதைப் போலக் கையை எடுத்துக்கொண்டான். "எடுத்துட்டுப் போயிரு. நான் தொட்டா இதுவும் போயிரும்."

இதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"ஏலே, அன்னைக்கு சுவிட்சப் போட்டது நாந்தாம்லே. சூடங் காட்டையில லைட்டு எரியணும்னு போட்டேன், அணைக்காம வந்துட்டேன். சந்தனத் தண்ணிய உள்ள விட்டதும் நாந்தான். சார்ட்ட பொய் சொன்னேன்."

அடுக்கி வைக்க எடுத்த பிளாஸ்டிக் கப்பை அவன் மெதுவாகக் கீழே வைத்தான்.

"அப்ப நான் அணைச்சிட்டுத்தான் போயிருக்கேன்?"

"ஆமாலே."

"நல்லாத் தெரியுமா?"

"நான் உள்ள போகையில லைட்டு எரியல. நல்லாத் தெரியும்."

அடிப்பான் என்று நின்றேன். அடித்திருந்தால் தேவலை. அவன், காலமாகிவிட்ட வாப்பாவின் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் இப்போது வாளிகள் அடுக்கியிருக்கின்றன.

"மௌத்தாகுததுக்கு ரெண்டு நாளைக்கு முன்னகூட, ஆஸ்பத்திரில வச்சு வாப்பா கேட்டாவ. கடை சுவிட்ச அணைச்சியாலேன்னு. அவியகிட்ட இனி யாருலே போய்ச் சொல்லுவா?"

எனக்கு அழுகை வந்தது. அவனுக்கு முன்னால் அழக்கூட எனக்கு வெட்கமாக இருந்தது.

தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டான். விளக்கையும் ஃபேனையும் அணைத்தான். ஷட்டரை இழுத்துப் பூட்டினான். இருவரும் பள்ளிவாசல் பக்கமாக நடந்தோம். பத்தடி போனதும் நின்றான். திரும்பிப் போய்ப் பூட்டைத் திறந்து, ஷட்டரைப் பாதி தூக்கினான்.

"அணைச்சிட்டலே. நான் பாத்தேன்" என்றேன்.

ஷட்டரைப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"நீ பாத்தது இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து உள்ளே போனான்.