பைப்பு அண்ணனின் தோள்

மாலை நான்கு மணிக்குச் செய்தி வந்தபோது, அவள் மருந்துக்கடையில் ஒரு பெரியவருக்கு இருமல் மருந்து குடிக்கும் முறையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பைப்பு அண்ணன் எழுந்திருக்கவேயில்லை. பெரியவருக்குச் சொல்லி முடித்துவிட்டுத்தான் அவள் கிளம்பினாள்.

குடியிருப்பு முழுக்க அவருக்கு அந்தப் பெயர்தான். பெண்பிள்ளை என்று சொல்லி வளர்த்த வீட்டை விட்டு, முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, இளவயதிலேயே இந்த நகரத்துக்கு வந்தவர். குழாய் வேலை கற்றார். மருந்துக்கடைக்காரியின் மனசைப் பிடித்தார். மூன்றாம் மாடியில் அவளோடு குடித்தனம் வைத்தார். முதலில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். ஒரு வீட்டுக்காரர் நேராகவே கேட்டார்.

"நீங்க ஆம்பளையா, பொம்பளையா?"

சமையலறைத் தொட்டிக்கு அடியிலிருந்து பதில் வந்தது. "இப்போதைக்கு பிளம்பருங்க. அந்த ஸ்பேனரை எடுத்துக் குடுங்க, மத்ததை அப்புறம் பேசலாம்."

அப்புறம் யாரும் பேசவில்லை. குழாய் உடைந்தால் கூப்பிட ஆள் வேண்டுமே.

அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியபின், தகவல் கேட்டு அவருடைய அக்கா வந்து சேர்ந்தாள். கையில் ஒரு பை. அதற்குள் வழியில் வாங்கிய பூப்போட்ட கவுன்.

"இதைப் போட்டு அனுப்பலாம். கடைசியிலயாவது எங்க வீட்டுப் பொண்ணா போகட்டும்."

கீழ்வீட்டு டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மருந்துக்கடைக்காரி கையமர்த்தினாள்.

"அண்ணி, என் வீட்டுக்காரர் சட்டை பேன்ட்லதான் போவாரு."

"அவ என் தங்கச்சி. நான் இடுப்புல தூக்கி வளத்தவ."

"தூக்கின கைக்கு அளவு தெரியுமே. நீங்களே வச்சுப் பாருங்க."

அக்கா கவுனை விரித்து அவர்மேல் வைத்தாள். ஓடிப்போன ஒல்லிப் பெண்ணை மனசில் வைத்து வாங்கியிருந்தாள். இரும்புக் குழாய்களைச் சுமந்து சுமந்து அகன்ற தோள்களுக்கு அது பாதிகூட எட்டவில்லை. இழுத்துப் பார்த்தாள். பிறகு கவுனை விட்டுவிட்டு அந்தத் தோளைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"எவ்ளோ பெரிய ஆளாயிட்டான்," என்றாள் மெதுவாக. கவுனை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, "சட்டை எங்க வச்சிருக்கம்மா?"

நீலச் சட்டை. அக்காவே இஸ்திரி போட்டாள். காலர், முதுகு, வலது கை. இடது கையை விரித்தபோது கீழே வாசலில் அமரர் ஊர்தி வந்து ஹாரன் அடித்தது. அந்தக் கை மட்டும் கசங்கியபடியே போயிற்று.