கண்ணுக்குத் தெரிந்த அடி

என் அக்கா நாகிசா முத்துச் சிப்பிப் பண்ணையில் வேலை பார்க்கிறாள். அசோ விரிகுடாவில் மிதக்கும் கொட்டகையில் உட்கார்ந்து, சிப்பியின் வாயில் ஆப்பு வைத்துத் திறந்து, உள்ளே சின்ன உருண்டை ஒன்றைச் செருகி மூடுவாள். பிறகு அடுத்த சிப்பி. மாலையில் படகு கரைக்கு வந்ததும் வீடு, குளியல், சாப்பாடு. தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போய்ச் சண்டை போடுவாள்.

சண்டை என்றால் திரையில் நடக்கும் சண்டை. இரண்டு உருவங்கள் எதிரெதிரே நின்று, ஒருவரை ஒருவர் அடித்து வீழ்த்தும் ஆட்டம். பள்ளியில் படித்தபோது அவளோடு ஆட சுஷிமா தீவில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் ஒசாகாவுக்குப் போய்விட்டான். இன்னொருவன் கல்யாணம் செய்துகொண்டு இயந்திரத்தை விற்றுவிட்டான். அதற்குப் பிறகு அவள் கற்றுக்கொண்டதெல்லாம் இணையத்தில்தான். தினமும் ஒரே ஆளோடு ஆடினாள். கடலுக்கு அந்தப் பக்கம் ஹகாதாவில் குளிர்பதன லாரி ஓட்டும் தொகாவா. ஆட்டத்தில் அவருக்குக் ‘குளிர்பெட்டி’ என்று பெயர். அக்கா ‘சிப்பி’.

நான் சில வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அந்த வசந்தத்தில்தான் வீடு திரும்பியிருந்தேன். வந்த முதல் வாரமே வீட்டுக்குள் பெரிய குற்றம் ஒன்றைச் செய்தேன். தாழ்வாரத்தில் ஓடிய இணைய வயரில் கால் தட்டிப் பிடுங்கிவிட்டேன்.

“மிவா.” அறைக்குள்ளிருந்து ஒரே குரல். அதில் கோபம்கூட இல்லை.

“என்ன?”

“வயரு.”

ஓடிப்போய்ச் செருகினேன். கொஞ்ச நேரத்தில் அக்காவின் ஹெட்போனைத் தாண்டி ஒரு கத்தல் கேட்டது.

“ஏய் சிப்பி! சமமா இருக்கிற நேரம் பாத்து வயரப் புடுங்கிட்டு ஓடுறியா? இத்தனை வருஷம் பழகி இப்படி ஒரு பொழப்பா?”

“தங்கச்சி கால் தட்டிருச்சுண்ணே.”

“எல்லாவனும் இதத்தான் சொல்றான். ஒருத்தனுக்குப் பூனை, ஒருத்தனுக்கு மாமியாரு. தங்கச்சிகிட்ட குடு. நான் விசாரிக்கணும்.”

அக்கா ஹெட்போனை நீட்டினாள். “நான்தான் தட்டுனேன், மன்னிச்சிருங்க” என்றேன்.

“எந்தக் கால்?”

“இடது.”

“ரெண்டு வாரத்துக்கு அந்தக் கால் தாழ்வாரத்துக்கு வரக் கூடாது. வலது கால் வரலாம்.”

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு, “அந்த ஆட்டம் உங்களுக்கு” என்றாள். யார் பக்கம் தொடர்பு அறுந்ததோ அவர்தான் ஆட்டத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். தோற்கப் போகும்போது வயரைப் பிடுங்கி ஓடுபவனைவிடக் கேவலமானவன் அவர்கள் உலகத்தில் கிடையாது. அப்படி ஒரு சந்தேகம்கூடத் தன்மேல் விழக் கூடாது என்பதில் எல்லோரும் கவனமாக இருப்பார்கள்.

புள்ளிக்காக ஆடும் ஆட்டத்தை அக்கா எப்போதோ விட்டுவிட்டாள். அதில் யாரோடு மோதுகிறோம் என்று தெரியாது. இரண்டு ஆட்டம், அடுத்த ஆள். புள்ளி குறையுமே என்ற பயத்தில் தெரிந்த நான்கு வித்தையையே திரும்பத் திரும்பச் செய்வோம், கை வளராது என்பாள். அவளும் தொகாவாவும் யார் முதலில் பத்து ஜெயிக்கிறார்கள் என்று ஆடுவார்கள். முடிந்ததும் ஒருவருக்கொருவர் ஒரே ஒரு குறை சொல்ல வேண்டும். புகழ்ச்சி கூடாது.

“அடி வாங்கின உடனே குதிக்கிற. இன்னைக்கு ஒவ்வொரு தடவையும் குதிச்ச, ஒவ்வொரு தடவையும் வாங்குன.”

“ம்.”

“என்கிட்ட என்ன?”

“ஜெயிக்கப் போறோம்னு தெரிஞ்சா நீங்க மெதுவாகிடுறீங்கண்ணே.”

“என் பொண்டாட்டியும் இதத்தான் சொல்றா.”

இந்த ஆட்டத்தில் சாதாரணமாகக் குனிந்து தடுத்துக்கொண்டிருப்பார்கள். மேலிருந்து இறங்கும் அடி ஒன்று உண்டு. அதற்குக் கோடாலி என்று பெயர். அதை நிமிர்ந்து நின்றுதான் தடுக்க முடியும். கோடாலி உயர்வதைக் கண்ணால் பார்த்ததும் நிமிர வேண்டும். ஆனால் தீவிலிருந்து இணையத்தில் ஆடும்போது எல்லாமே இமைப்பொழுது தாமதமாக வந்து சேரும். கோடாலி கண்ணில் படும்போது தலையில் விழுந்திருக்கும். அக்கா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். கோடாலியைப் பார்ப்பதில்லை, ஆளைப் பார்ப்பாள். இவன் இரண்டு முறை தடுக்கப்பட்டு எரிச்சலில் இருக்கிறான், இப்போது போடுவான். இவன் சுவரோரம் மாட்டிக்கொண்டான், இப்போது போடுவான். அடி கிளம்பும் முன்பே நிமிர்ந்துவிடுவாள். இத்தனை வருடத்தில் அந்த அடி வருவதைப் பார்த்து அவள் ஒருமுறைகூடத் தடுத்ததில்லை. வருவதற்கு முன்பே தடுத்ததுதான்.

கோடையில் தொகாவாவின் அணியிலிருந்து ஒருவர் வேலை மாற்றலாகி வடக்கே போனார். குமமோத்தோவில் இலையுதிர் காலத்தில் மூவர் அணிகளுக்கான போட்டி. அணியில் காலியான மூன்றாவது இடத்துக்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி அக்கா. மற்றவர் ஒகினோ என்ற தபால்காரர், ஹகாதாக்காரர்.

“நான் கை காட்டினா ரெண்டுல ஒருத்தர் என்னைத் திட்டுவீங்க. அடிச்சுத் தீத்துக்குங்க. முதல்ல பத்து. சனிக்கிழமை இங்க வா” என்றார் தொகாவா.

“இங்கேருந்தே ஆடிக்கலாமேண்ணே.”

“குமமோத்தோவுல பக்கத்துல பக்கத்துல உக்காந்து ஆடணும் சிப்பி. அங்க உக்காரப் போற ஆள இங்க உக்கார வச்சுத்தானே நான் பாக்கணும்?”

“ம்.”

அந்த ‘ம்’மை வைத்து அவளுக்கு இது வேண்டுமா வேண்டாமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. வீட்டில் எல்லாவற்றுக்கும் அதே ‘ம்’தான். கணவாய் வறுவலுக்கும் அதுதான், நான் திரும்பி வந்ததற்கும் அதுதான். ஆனால் மறுநாள் பண்ணை முதலாளியம்மா கடைத்தெருவில் என்னை நிறுத்திக் கேட்டாள்.

“உன் அக்காவுக்குக் கல்யாணமா?”

“இல்லையே, ஏன்?”

“காய்ச்சல் வந்தாக்கூட லீவு போடாதவ. இப்ப சனிக்கிழமைக்குக் கேட்டிருக்கா. அதோட இலையுதிர் காலத்துலயும் மூணு நாள் வேணுமாம்.”

யாரும் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே அவள் போட்டி நாட்களுக்கு லீவு கேட்டிருந்தாள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை காலை இசுஹாரா துறைமுகத்திலிருந்து விரைவுப் படகில் நானும் அவளோடு போனேன்.

“பயமா இருக்கா?”

“தெரியல.”

“சந்தோஷமா இருக்கா?”

“அதுவும் தெரியல. பசிக்குது.”

ஹகாதாவில் நூடுல்ஸ் கடைக்கு மேலே, அவர்கள் கூடி ஆடும் மாடி. படிக்கட்டு முழுக்கப் பன்றி எலும்புச் சாறின் வாசனை. கதவருகே நின்ற தொகாவா வாசலையே அடைத்துக்கொண்டிருந்தார்.

“நீதான் சிப்பியா? போடுற அடியப் பாத்து ஆறடி ஆளுன்னுல்ல நெனச்சேன்!”

“நீங்க நெனச்ச மாதிரியேதான் இருக்கீங்க. குளிர்பெட்டிக்குக் கதவு மட்டும்தான் வைக்கல” என்றாள் அக்கா. சுற்றி இருந்தவர்கள் ஓவென்று சிரித்தார்கள். தொகாவா என் பக்கம் திரும்பினார். “இது அந்த இடது காலா?”

ஒகினோ ஒல்லியான மனிதர். மூன்று முறை குனிந்து வணங்கினார். தபால் சீருடைச் சட்டையை அன்றும் போட்டிருந்தார். இருவரும் ஒரே பலகையில் அருகருகே உட்கார்ந்தார்கள். நாங்கள் பின்னால் நின்றோம். ஆடும்போது பின்னால் நிற்பவர்கள் வாய் திறக்கக் கூடாது. ‘ஐயோ’ என்றுகூடச் சொல்லக் கூடாது.

முதல் மூன்று ஆட்டத்தையும் அக்கா ஜெயித்தாள். ஒகினோ என்ன செய்வார் என்று அவருக்கு முன்பே அவளுக்குத் தெரிந்ததுபோல இருந்தது. நான்காவது ஆட்டத்தில் ஒகினோ யாரும் எதிர்பாராத நேரத்தில் கோடாலியைத் தூக்கினார். அவர் எரிச்சலிலும் இல்லை, சுவரோரத்திலும் இல்லை. அக்கா அதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் அவளுடைய உருவம் நிமிர்ந்து தடுத்தது.

அவள் பார்த்துவிட்டாள். இங்கே நடுவில் கடல் இல்லை. அடி கிளம்பியதும் கண்ணுக்குத் தெரிந்தது.

அக்காவின் காது மடல் சிவந்தது. உடம்பை முன்னால் சாய்த்துக்கொண்டாள். ஒகினோ மறுபடி போட்டார், மறுபடி தடுத்தாள். இன்னொரு முறை, அதையும் தடுத்தாள். அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. நான் வீடு திரும்பிய நாளிலிருந்து அவள் முகத்தில் ஏதாவது ஒன்றைப் பார்த்தேன் என்றால் அது அப்போதுதான். ஜெயிக்கிறாள் என்றே நினைத்தேன்.

பக்கத்தில் தொகாவா கழுத்துத் துண்டை எடுத்து வாயில் திணித்துக் கடித்துக்கொண்டார்.

கொஞ்சம் கொஞ்சமாக எனக்கும் புரிந்தது. அவள் கோடாலிக்காகக் காத்திருந்தாள். வருடக்கணக்காகப் பார்க்காத ஒன்றை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று நின்றாள். ஒகினோவுக்கும் அது புரிந்துவிட்டது. அவர் கோடாலி போடுவதையே நிறுத்தினார். போடப் போகிறவரைப் போல ஓர் அடி முன்னால் வருவார். அக்கா திரையைப் பார்த்துக் காத்திருப்பாள். அவர் நிதானமாக நடந்து வந்து பிடித்துத் தூக்கி எறிவார். அவள் நிமிர்ந்தால் காலை வாரிவிடுவார். மூன்று ஆட்டம் முன்னால் இருந்தவள் சமமானாள், பின்தங்கினாள். கடைசியில் பத்துக்கு ஏழு என்று தோற்றாள்.

இருவரும் வணங்கிக்கொண்டார்கள். குறை சொல்லும் நேரம்.

“பாதிக்கு மேல நீங்க என்னைக் கவனிக்கவே இல்ல. கோடாலி தூக்குற கையத்தான் கவனிச்சீங்க” என்றார் ஒகினோ, மன்னிப்புக் கேட்பதுபோல.

“ம். நீங்க நல்லா ஆடுனீங்க.”

“அது குறையில்ல சிப்பி, குறை சொல்லு” என்றார் தொகாவா.

அக்கா யோசித்தாள். “தெரியலண்ணே. நான் அவரைப் பாக்கல.”

கீழே கடையில் எல்லோரும் நூடுல்ஸ் சாப்பிட்டோம். அக்கா இன்னொரு பிடி நூடுல்ஸ் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். அணியின் மூன்றாவது ஆள் ஒகினோ என்று தொகாவா அறிவித்தபோது மற்றவர்களோடு சேர்ந்து கை தட்டினாள். திரும்பும் படகில் நான்தான் பொருமிக்கொண்டு வந்தேன்.

“ஜெயிச்சுட்டிருந்த ஆட்டம்க்கா! கையில இருந்தது!”

“ம்.”

“என்னதான் ஆச்சு உனக்கு?”

“மெதுவா வந்துச்சு மிவா” என்றாள். “கோடாலி. தோள் திரும்புறது, கை மேல போறது, எல்லாம் தெரிஞ்சுது. அதுக்குள்ள அவ்வளவு நேரம் இருக்குன்னு எனக்குத் தெரியாது.”

பிறகு தூங்கிவிட்டாள்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். இலையுதிர் கால லீவு வேண்டாம் என்று முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டாளாம். அந்த வாரக் கடைசியில் தொகாவா தயங்கித் தயங்கிப் பேசினார்.

“சிப்பி, கேக்கவே வெக்கமா இருக்கு. ஒகினோவுக்குப் போட்டி வரைக்கும் பழக நல்ல கை வேணும். உன்னை விட்டா ஆளில்ல.”

“ம். எத்தனை மணிக்குண்ணே?”

நான் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். “உனக்கு ரோஷமே கிடையாதாக்கா?”

“ரோஷப்பட்டுப் பாத்தேன். வரல” என்றாள், கண்ட்ரோலரைத் துடைத்துக்கொண்டே.

ஒகினோவோடு அன்றைக்கே இணையத்தில் ஆடினாள். அவர் எரிச்சல்படுவதற்குள் அவள் நிமிர்ந்திருந்தாள், நடந்து வருவதற்குள் பின்வாங்கியிருந்தாள். பத்து ஜெயித்து முடித்தபோது அவரிடம் இரண்டே ஆட்டம் இருந்தது. ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துத் தண்ணீர் குடித்தாள். அதிலிருந்து ஒகினோவின் குரல் எனக்கும் கேட்டது.

“சிப்பி, ஒண்ணு கேக்கலாமா? இந்த ஆட்டத்த அன்னைக்கு ஏன் ஆடல?”

அக்கா ஒலிவாங்கியை வாயருகே இழுத்தாள்.

“அன்னைக்கு உங்க கோடாலி கண்ணுக்குத் தெரிஞ்சுது.”

பிறகு, கூடக் கேட்டுக்கொண்டிருந்த தொகாவாவின் குரல். “சிப்பி, இடத்த மாத்தணுமா? இப்பவே சொல்லு. ஒகினோ ஒண்ணும் நெனச்சுக்க மாட்டார்.”

“நெனச்சுக்க மாட்டேன்” என்றார் ஒகினோ, ரொம்ப மெல்ல.

நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். மாத்தச் சொல்லு என்று வாயசைத்தேன். அவள் என் கையை எடுத்துக் கீழே வைத்தாள்.

“வேண்டாம்ண்ணே. போட்டி இங்க இல்லையே, குமமோத்தோவுலதானே. அங்க உக்காந்தா நான் மறுபடியும் அதைத்தான் பாத்துட்டு இருப்பேன்.” கண்ட்ரோலரைக் கையில் எடுத்தாள். “ஒகினோ, உங்களுக்கு ஒரு குறை இருக்கு. தடுத்ததும் பின்னால ஓர் அடி வைக்கிறீங்க. ஒவ்வொரு தடவையும் வைக்கிறீங்க. அத விடுங்க.”

“சரிங்க.”

“விட்டுட்டீங்களான்னு பாக்கணும். இன்னொரு பத்து.”

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். திரையில் இரண்டு உருவங்களும் மறுபடி எதிரெதிரே வந்து நின்றன. நான் வலது காலை முதலில் வைத்துத் தாழ்வார வயரைத் தாண்டி வெளியே வந்தேன். பின்னால் பொத்தான்களின் சத்தம் சீராகக் கேட்டது. ஒகினோ பின்னால் அடி வைத்துவிட்டார் போலிருக்கிறது.

“வச்சீங்க” என்றாள் அக்கா. “மறுபடி.”